முதிய பூனை

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. நெல் மிகுந்த இடத்தில் எலி மிகும். எலி மிகுந்த இடத்தில் பூனைக்கு மதிப்பு உண்டு. கூடலூர் முதல் வீரபாண்டி வரை நெல் மூட்டை அடுக்கிய வீடுகளில் அது காவலாளாகவே வாழ்கிறது. ஆனால் காவலாளுக்கும் முதுமை வருமன்றோ?

பூனை இயல்பாகவே தூய்மையை விரும்புவது. மண்ணைப் பறித்து மலங்கழித்து, மூடிவிட்டு வருவது அதன் வழக்கம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வாறு ஒழுகிய பூனை ஒருநாள் அடுப்பங்கரை மூலையில் அசுத்தம் செய்துவிடுகிறது. மறுநாள் நெல் மூட்டையின்மேல். “கிழட்டுப் புத்தி” என்று துடைப்பத்தை ஓங்குகின்றனர் வீட்டார். நான்காம் நாள் கோணிப்பைக்குள் இட்டு ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவருதலும் உண்டு. வேட்டையாடும் வலிமை குன்றிய பூனை அங்கே எத்தனை நாள் உயிர்வாழும்?

அது செய்த குற்றம் யாது? வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். உண்ணும் இரையிலுள்ள நீரே அவற்றுக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. ஆதலால் இன்றும் பூனை நீர் அருந்துவது குறைவு. முதுமையில் சிறுநீரகம் தளரும்போது சிறுநீர் மிகுதியாகக் கழிகிறது. உடலின் நீர் வற்றுகிறது. வற்றிய உடல் மலத்திலுள்ள நீரையும் உறிஞ்சிக்கொள்ள, மலம் கல்லென இறுகுகிறது. இடுப்பு மூட்டுகளிலும் வலி இருந்தால் குந்தி முக்குவதே கொடுந்துன்பம். மணலில் அமரும்போதெல்லாம் வலித்தால், பூனை அவ்வலியை மணலோடு சேர்த்தே நினைவில் கொள்ளும், வேறிடம் தேடும். இது பிடிவாதம் அன்று. இக்காலத்தில் முற்றமெங்கும் சிமெண்டு பூசிவிட்டமையால், பறிப்பதற்கு மெத்தென்ற மண்ணும் அதற்குக் கிடைப்பதில்லை.

பூனைக்குப் பூசை என்றொரு பழம்பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியலிலும் அச்சொல் வருகிறது. இன்று பூசை என்றால் வழிபாடே நினைவுக்கு வரும். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார் கம்பர். உவமை அழகியதே, எனினும் முதிய பூனைக்குப் பால் மருந்தாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரியாமையால் கழிச்சல் உண்டாகும். வெங்காயமும் பூண்டும் இட்ட குழம்பு அதன் குருதியைக் கெடுக்கும். மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் போக்கவல்லது.

விளிம்பு தாழ்ந்த அகன்ற தட்டில் மெல்லிய மணலைப் பரப்பி, அது படுக்கும் இடத்திற்கு அருகே வைத்தல் வேண்டும். நாள்தோறும் அள்ளித் துப்புரவு செய்தல் வேண்டும். உப்பும் காரமும் இன்றி வேகவைத்து முள் நீக்கிய மீனை, அதன் சாற்றோடு ஊட்டினால் நீரும் உடலிற் சேரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கடுவன் பூனை மீண்டும் மீண்டும் குந்தி முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்று பலர் வாளா இருந்துவிடுவர். உண்மையில் அடைபட்டது சிறுநீர்வழியாகவும் இருக்கலாம். சிறுநீர் ஒரு சொட்டும் வாராவிடின் ஓரிரு நாளில் உயிர் பிரியும். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

தேனியில் 2020-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரியே தொடங்கப்பட்டது. ஆயினும் கால்நடை மருத்துவம் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்குமே என்றெண்ணி, பூனையைத் தூக்கிச் செல்ல நாணுவோர் உளர். மருத்துவரோ நாணுவதில்லை. பூனையின் பிடரித் தோலை மெல்லத் தூக்கி நீர் வற்றியதை அறிவார். வயிற்றைத் தடவி இறுகிய மலத்தை உணர்வார். குருதியைச் சோதித்துச் சிறுநீரகத்தின் நிலையைத் தெளிவார். தோலின்கீழ் உப்புநீர் ஏற்றி, மலத்தை இளக்கி வெளியேற்றிய பின்னர், வலி தணிந்த பூனைகள் பல தாமாகவே மணல் தட்டுக்குத் திரும்புகின்றன.