தங்கச்சி கல்யாணமும் தவில் சத்தமும்

தங்கச்சி கல்யாணம் மாமல்லபுரத்துல, கடற்கரை ஓரமா. கும்மிடிப்பூண்டியிலேர்ந்து ரெண்டு பஸ் நிறைய சொந்தக்காரங்களைக் கூட்டிட்டுப் போகணும். அது கூட பிரச்சனை இல்லைங்க. கச்சேரிதான் பிரச்சனை!

பட்ஜெட்டுல ஒண்ணுதான் கட்டுப்படியாகும். தங்கச்சிக்கு கிடார், வயலின் வெச்ச இசைக்குழு. அம்மாவுக்கு நாதஸ்வரம். நான் வழக்கம்போல எக்ஸெல் ஷீட் போட்டுட்டு உக்காந்திருந்தேன் :)

அந்தக் குழுவோட வீடியோவை செல்போன்ல அப்பாகிட்ட காட்டினேன். தலையாட்டி ரசிச்சுட்டு "நல்லாருக்குடா"ன்னார். வால்யூம் சைபர்ல இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

சிப்காட்டுல முப்பது வருஷம் இரும்பு ஆலை வேலை. ஆலை இரைச்சல் முதல்ல காவு வாங்குறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மெல்லிய சத்தங்களைத்தான். வயலினோட நுணுக்கமெல்லாம் அவருக்கு எட்டாது. நாதஸ்வரமும் தவிலும் மைக்கே இல்லாம கோயில் வீதியை நிறைச்ச வாத்தியங்கள். தவில் அடி காதுல விழலைன்னாலும் நெஞ்சுல விழும்.

தங்கச்சிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவளே மேளக்காரருக்கு போன் போட்டா. "ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில்"னு சொல்லிட்டு என்கிட்ட திரும்பினா.

"கெட்டிமேளம் அப்பாவுக்குக் கேக்கணும்ணா."

எக்ஸெல் ஷீட்டை மூடிட்டேன்.