கேரவன் நிற்கும் கரை

கேரள அரசு 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்னும் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள் அடங்கிவிடுவதால், விடுதியின் நேர அட்டவணைக்குக் கட்டுப்படாமல் பயணம் செய்யலாம். காரியவட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நானும் நண்பர்கள் இருவரும் சென்ற சனவரியில் அத்தகைய வண்டி ஒன்றை நான்கு நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். பூவாறில் தொடங்கி விழிஞ்ஞம், வலியதுறை வழியாக அஞ்சுதெங்கு வரை செல்வது திட்டம். அவசரமில்லாமல் சென்றால் அரை நாளில் முடிந்துவிடும் தூரம். அதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டதே இப்பயணத்தின் சுகம்.

மெதுவாகச் செல்பவருக்குச் சொற்கள் காதில் விழும். நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறில் காலையில் மீன் விற்க வந்த அம்மா கூடையைத் திறந்து ‘சாளை’ என்றார். வட கேரளத்தில் இதே மீன் ‘மத்தி’. நான் பிறந்த குமரி மாவட்டத்திலோ சாளைதான். ‘கப்பை’ என்று கேரளம் முழுவதும் அறியப்படும் கிழங்கு இங்கும் எங்கள் ஊரிலும் ‘மரச்சீனி’. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டது. அடுக்களைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்த அப்பயிர், இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி நின்றுபோன நாள்களில் ஏழைகளின் உயிரைக் காத்தது. பஞ்சத்தின் உணவு இன்று பயணிகளின் விருப்ப உணவாகியிருக்கிறது. தேங்காயும் குடம்புளியும் சேர்த்த சாளைக் குழம்பும் அவித்த மரச்சீனியும் எங்கள் வண்டி அடுப்பிலும் இருமுறை வெந்தன.

விழிஞ்ஞத்தில் ஆய் அரசர் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதன் புடைப்புச் சிற்பங்கள் முற்றுப்பெறாமலே நிற்கின்றன. அருகிலுள்ள கடற்பாறைகளில் மூழ்கி, கையால் பெயர்த்தெடுக்கும் சிப்பியை மிளகும் தேங்காயும் சேர்த்து வறுத்துத் தட்டுக்கடையில் தந்தார்கள். மலபாரில் இவ்வகைச் சிப்பியைக் ‘கல்லும்மக்காய்’ என்பர்.

மூன்றாம் நாள் காலை, ஒரு கடற்கரையில் கரமடி இழுப்பதைக் கண்டோம். ஒரு வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவரும்; அதன் இரு முனைக் கயிறுகளையும் இரு குழுவினர் கரையில் நின்று மணிக்கணக்கில் இழுப்பர். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்க வேணும்னாலும் போடு மக்களே. மணலு மட்டும் எங்களுக்கு வேணும்” என்றார்.

பயணத்தில் கேட்ட சொற்களிலெல்லாம் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இதுதான். கரமடிக்கு அகலமான மணற்பரப்பு வேண்டும். கயிற்றோடு பின்னோக்கி நடக்க, வலையை உலர்த்த, நெத்திலியைக் காயவைக்க, வள்ளத்தை ஏற்றி வைக்க எல்லாவற்றுக்கும் மணலே தளம். சுற்றுலா விளம்பரத்தில் ‘ஆளற்ற கடற்கரை’ என்று தோன்றுவது, உண்மையில் அந்த நேரத்தில் ஆள் இல்லாத வேலைத்தளம்.

அத்தளமும் சுருங்கி வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் அலை அரித்துச் செல்லும் மணல், கடல் அமைதியடையும் மாதங்களில் திரும்பிவருவது இக்கரையின் இயல்பு. பல இடங்களில் இப்போது போன மணல் முழுமையாகத் திரும்புவதில்லை. வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் பழைய சிமெண்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. துறைமுகக் கட்டுமானம் அரிப்பைத் தீவிரப்படுத்துகிறது என்று குற்றஞ்சாட்டி, 2022-இல் மீனவர்கள் விழிஞ்ஞத்தில் மாதக்கணக்கில் போராடினர். அக்குற்றச்சாட்டைத் துறைமுகத் தரப்பு மறுத்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காரணம் பற்றிய வாதம் ஓயவில்லை. வீடிழந்தவர்களின் இழப்பில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆகவே கேரவன் பயணமே கூடாது என்பது என் வாதமன்று. பெரிய விடுதிக்கு வேண்டிய நிலம் இதற்குத் தேவையில்லை. சமைக்கும் வசதி இருப்பதால் பயணியின் பணம் நேரே மீன் விற்கும் பெண்ணின் கைக்குப் போய்ச் சேரும். அந்த நன்மை நிலைக்க வேண்டுமானால், வண்டி நிறுத்துமிடத்தைக் கடலின் அழகு பார்த்து முடிவு செய்யக்கூடாது. கரையில் வேலை செய்பவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சாலைக்குக் கிழக்கே, கழிவுநீரை முறையாக அகற்றும் வசதியோடு நிறுத்தங்கள் அமையட்டும். அலை நெருங்கினால் சக்கரமுள்ள வீட்டை எவரும் நகர்த்திவிடலாம். அடித்தளமிட்ட வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. மணலில் முதல் உரிமை யாருக்கு என்பதற்கு இந்த வேறுபாடே போதுமான விடை.

இக்கரையைக் களமாகக் கொண்டு ஆய்வு செய்யும் நண்பர்கள், தங்கள் ஊரில் கரமடி இழுக்க இன்னும் எத்தனை இடங்களில் மணல் மிஞ்சியிருக்கிறது என்று எழுதினால் பெரிதும் மகிழ்வேன்.