தேக்கடிக்குப் போகுமுன்

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டாலே மாணவியரின் உள்ளம் துள்ளும். ஆனால் அதற்குத் திட்டமிடுவது எத்துணை பெரிய வேலை என்பதை எங்கள் ஒன்பதாம் வகுப்பு இவ்வாண்டுதான் அறிந்துகொண்டது. "இடம் தேர்வு செய்வது முதல் கணக்கு முடிப்பது வரை எல்லாம் உங்கள் பொறுப்பு. நான் கேள்வி மட்டும் கேட்பேன்" என்று எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி கூறிவிட்டார்கள். 42 பேர் கொண்ட வகுப்பில் ஐவர் குழு ஒன்று அமைந்தது. அதில் நானும் ஒருத்தி.

கொடைக்கானலா, தேக்கடியா என்று வாக்கெடுத்தோம். தேக்கடி வென்றது. மதுரைக்கும் அந்த ஏரிக்கும் உள்ள உறவே அதற்குக் காரணம். மேற்கே கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை மலைமேல் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் கர்னல் ஜான் பென்னிகுவிக். 1887-இல் தொடங்கிய அணை வேலை 1895-இல் நிறைவுற்றது. அந்த அணைக்குப் பின்னே தேங்கிய நீர்தான் தேக்கடி ஏரி. அன்று மூழ்கிய காட்டு மரங்களின் பட்ட கட்டைகள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றனவாம். சுரங்க வழியே வரும் நீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்து, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, வைகையில் சேர்ந்து மேலூர் வரை பாய்கிறது. மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் என் தாத்தாவின் வயலும் அதை நம்பியதே. "நம்ம தண்ணி பொறக்குற எடத்தப் பாத்துட்டு வா, தாயி" என்றார் தாத்தா.

அடுத்து நாள் குறிக்க வேண்டும். கார்த்திகையிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலை செல்லும் வண்டிகளால் குமுளிச் சாலை நெரியும். ஆகவே ஜனவரி இறுதியில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தோம். போக ஏறத்தாழ 140 கிலோமீட்டர், திரும்ப அதே தூரம்; விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். சுற்றுலாப் படகு அணை வரை செல்லாது என்று தெரிந்தபோது சிலருக்கு ஏமாற்றம். அதனால் லோயர் கேம்பில், 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபத்தில் இறங்கிவிட்டு, மலைச்சரிவில் இறங்கும் பெரிய நீர்க்குழாய்களையும் பார்த்துவிட்டு மலையேறுவது என்று முடிவாயிற்று.

பணம் பெரிய கேள்வியாக வந்தது. தலைக்கு 900 ரூபாய் என்று கணக்கு வந்தது. எல்லார் வீட்டிலும் அது எளிதன்று. "ஒருத்தி பின்தங்கினாலும் அது வகுப்புச் சுற்றுலா ஆகுமா?" என்று சகோதரி கேட்டார்கள். இரண்டு நாள் யோசித்தோம். பெயர் எழுதாத உறையில் அவரவர் இயன்றதை வைத்து ஒரே பெட்டியில் போடுவது என்று தீர்மானித்தோம். யார் எவ்வளவு வைத்தார் என்று எவருக்கும் தெரியாது. 33,150 ரூபாய் சேர்ந்தது. குறைந்த 4,650 ரூபாயைப் பள்ளி விழாவன்று சுண்டலும் பணியாரமும் விற்று ஈட்டினோம்.

எல்லாம் முடிந்தது என்றிருந்த வேளையில் என் அம்மா சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்தார். "கரையில் நின்று பார். படகு மட்டும் வேண்டாம்" என்றார். 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை அவர் மறக்கவில்லை. நான் அழுதேன், வாதாடினேன். பயனில்லை. சகோதரியிடம் சொன்னேன். "அம்மாவின் அச்சத்தோடு சண்டை போடாதே. அதற்கு விடை தேடு" என்றார்கள்.

குழு மீண்டும் கூடியது. அவ்விபத்தைப் பற்றித் தேடிப் படித்தோம். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாயக் காரணமாயிற்று என்று அறிந்தபோது எங்கள் பேச்சு அடங்கிவிட்டது. நாங்களும் யானையைப் பார்க்கத்தானே போகிறோம்! அன்று எழுதிய விதிகள் இவை: உயிர்காப்பு மேலாடையைப் பூட்டிய பிறகே படகு நகர வேண்டும், கரை சேரும்வரை அதைக் கழற்றக் கூடாது, எந்த விலங்கு தெரிந்தாலும் இருக்கையைவிட்டு எழக் கூடாது, பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும். "புலி வந்தால், சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். "புலியையும் உட்கார்ந்தே பார்க்கலாம்" என்றார்கள்.

விதிகளை எழுதிய தாளை அம்மாவிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார். "பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் என்று போட்டிருக்கிறீர்களே, ஆள் போதுமா?" என்று கேட்டார். இன்னும் ஒருவர் தேவை என்றேன். கையெழுத்திட்டு, அதன் கீழே, "நானும் வருகிறேன்" என்று எழுதினார்.

இம்மலர் அச்சேறும் இவ்வேளையில் பயணத்துக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. யானையைக் காண்போமோ, மாட்டோமோ, அறியோம். ஆனால் இரண்டு மாதத் திட்டமிடலில் ஒன்று புரிந்தது: மகிழ்ச்சி தானாக வந்துவிடுவதன்று, பணமில்லாதவளையும் பயப்படுகிறவரையும் நினைவில் வைத்துத் திட்டமிட்டால்தான் அது எல்லாருக்கும் உரியதாகும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இறைவன் துணையால் 42 பேரும் ஒன்றாய்ப் போய், ஒன்றாய்த் திரும்புவோம்.