தவளையின் காலும் அது வாழும் நிலமும்

யாழ்ப்பாணத்தினின்று கண்டி வீதி வழியே மலைநாடு செல்வோர் வயலையும் குளத்தையும் காட்டையும் மலையையும் கண்டு மகிழ்வர். ஆயின், அவ்வந் நிலத்தின் இயல்பைத் தன் உடம்பிலேயே தாங்கி நிற்கும் ஒரு சிற்றுயிரை நோக்குவோர் மிகச் சிலர். அவ்வுயிர் தவளை. நம் நாட்டிலே 100 இற்கு மேற்பட்ட தவளை இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை வேறெந்த நாட்டிலும் காணப்படாதவை. அவற்றின் காலை நோக்கினால் அவை வாழும் இடத்தையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம்.

தவளைகளின் அடிப்படை அமைப்பு ஒன்றே. முள்ளந்தண்டு மிகக் குறுகியது; பெரும்பாலும் ஒன்பது முள்ளென்புகளே அதில் உள. பின்னங்காலிலே முழந்தாளுக்குக் கீழுள்ள ஈரென்புகளும் ஒன்றாய் இணைந்துள்ளன. கணுக்காலின் இரண்டு என்புகளோ நீண்டு, காலுக்கு மேலும் ஒரு மடிப்பை அளிக்கின்றன. மடிந்த கால் விரியும்போது உடல் முன்னே எறியப்படுகின்றது. குறுகிய முன்னங்கால்கள் நிலத்தில் விழும் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. இந்த ஓர் அமைப்பே நீருக்கும் மண்ணுக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் ஏற்ப எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை நம் பயணத்திலே காணலாம்.

முதலிற் குடாநாட்டுக் குளங்கள். அங்குள்ள பெரிய பச்சைத் தவளையின் பின்கால் விரல்களை நுனிவரை சவ்வு இணைத்திருக்கும். அது நீரைத் தள்ளும் துடுப்பு. கண்களும் மூக்குத் துளைகளும் தலையின் மேற்புறத்தில் அமைந்திருத்தலால், உடலை நீருள் மறைத்துக்கொண்டே வெளியே நோக்கவும் மூச்சுவிடவும் அதனால் முடிகின்றது. அதனினுஞ் சிறிய மற்றோரினம், நாம் கரையை அணுகியதும் நீர்ப்பரப்பின்மேல் எறிந்த ஓட்டுத்துண்டு போலத் தத்தித் தத்தி ஓடும்.

ஆனையிறவைக் கடந்து வன்னியை அடைந்தால் நிலைமை வேறு. அங்கே மாதக்கணக்காக நிலம் காய்ந்து கிடக்கும். அந்நிலத்திற்கு உரியது, பந்து போல உருண்ட உடலும் குறுங்கால்களும் உடைய ஒருவகைத் தவளை. அதன் பின்பாதத்திலே மண்வெட்டியின் தகடு போன்ற தடிப்புகள் உள. அவற்றால் மண்ணைத் தள்ளிக்கொண்டே பின்புறமாக நிலத்துள் இறங்கிவிடும். மழை பெய்ததும் வெளிவந்து, தேங்கிய நீரிலே முட்டையிடும். மண்ணுள் மறைந்து கிடக்கும் தவளைக்கு நுணல் என்று தனிப்பெயர் வழங்கிய நம் முன்னோரின் நோக்கு வியத்தற்குரியது.

மாத்தளைப் பக்கத்து வீடுகளிலும் தோட்டங்களிலும் மரத்தவளையைக் காணலாம். மெலிந்த நீண்ட கால். விரல் நுனிதோறும் வட்டமான தட்டு. அத்தட்டின் மேற்பரப்பு மிக நுண்ணிய அறுகோணத் துண்டுகளாகப் பிரிந்துள்ளது. அவற்றின் இடையே ஓடும் பசைநீர், வழுவழுப்பான சுவரிலும் இலையிலும் விரலை ஒட்டச் செய்கின்றது. நீருக்கு மேலே தொங்கும் நுரைக்கூட்டில் இது முட்டையிடும்; பொரித்த வாற்பேத்தைகள் கீழுள்ள நீரில் விழும்.

இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறி அப்பால் இறங்கினால் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளியை அடையலாம். அங்குள்ள ஈரப்பாறைகளின் வெடிப்புகளிலே ஒரு கற்றவளை வாழ்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பலகைபோலத் தட்டையான அதன் உடல், நாணயம் நுழையும் இடுக்கோ என்று நாம் ஐயுறும் பிளவினுள்ளும் புகுந்துவிடும். முட்டைகளை ஆண் தவளை காவல் செய்யும். வாற்பேத்தைகளும் குளத்தை நாடாமல், பாறைமேல் மெல்லிதாய்க் கசியும் நீரிலேயே வளரும். கல்லினுள் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்று நம்மவர் கூறுவது இங்கே நினைவுக்கு வரும்.

உடல் இவ்வாறு இடத்தோடு பொருந்தியிருப்பது பெருஞ் சிறப்பு. ஆயின் அதுவே ஒரு தளையுமாகும். தவளை நீரைத் தோலினாலேயே உறிஞ்சுகின்றது. மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியே நிகழ்கின்றது. ஆகவே, தன் ஈரநிலம் காய்ந்தால் வெயிலில் நெடுந்தூரம் சென்று வேறிடம் தேட அதனால் இயலாது. 19 ஆம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் நம் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. வாற்பேத்தைப் பருவமின்றி, ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையினின்று குஞ்சுத் தவளையாகவே வெளிவரும் புதர்த்தவளைகள் அக்காடுகளில் வாழ்ந்தன. அவற்றுள் 15 இற்கு மேற்பட்ட இனங்கள் அழிந்தன எனக் கணிக்கப்பட்டுள்ளது. கற்றவளையின் நெருங்கிய உறவினம் ஒன்றும் 1882 இல் அறிவியலாரால் விவரிக்கப்பட்டது. இன்று அதுவும் அழிந்தவற்றின் பட்டியலிலே உளது.

நக்கிள்ஸ் உட்பட்ட மத்திய மலைநாடு 2010 இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. ஆயினும், பட்டியலிற் பெயர் இருப்பதனால் மட்டும் பாறையின் ஈரம் நிலைத்துவிடாது. மேலே உள்ள காடு நின்றாலே கீழே நீர் கசியும். நீர் கசிந்தாலே கற்றவளை வாழும். ஆகையால், மலைநாட்டுச் சுற்றுலாவுக்குச் செல்லும் மாணவர்கள் அப்பாறைகளை அணுகும்போது கல்லைப் புரட்டாது, கையால் தொடாது, சற்று அமர்ந்து நோக்குவார்களாக. பாடநூலிற் படத்தின் துணைகொண்டு கற்ற உறுப்புகள் யாவும் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அந்த ஈரக்கல்லே விளக்கிவிடும்.