கொம்பு விளையும் கடல்

"அவனுக்கு என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு அல்லவா? ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில் கொம்பு நிஜமாகவே முளைக்கிறது, அதுவும் கடலுக்குள்! குளிர்ந்த நீரில் வாழை இலைக் கிழிசல் போல நீண்டு வளரும் கடற்பாசிக்கு அங்கே 'கொம்பு' என்றுதான் பெயர்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், ஹகோடாடே நகரத்துக்கு வடகிழக்கே மினாமிகாயபே கடற்கரைக்குப் போயிருந்தேன். கண்ணுக்கெட்டியவரை மிதவைகள். அவற்றில் கட்டிய கயிற்றின் புரிகளுக்கிடையே நாற்றுகளைச் செருகித் தொங்கவிடுகிறார்கள். நம் ஊர் நடவுதான். வயல் மட்டும் தண்ணீருக்கு அடியில்!

விடியுமுன் படகில் போன கணவர் பாசியைக் கரை சேர்க்க, அந்த வீட்டு அம்மாள் கழுவி உலர்த்திக்கொண்டிருந்தார். துணைக்கு வந்த மாணவி எங்கள் இருவருக்கும் மொழிபெயர்த்தாள். காய்ந்த கொம்பின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சணம் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். அம்மாள் பதறிவிட்டார்!

"ஐயோ, துடைக்காதீர்கள்! அதுதான் ருசி!"

அது மானிட்டால் என்னும் ஒருவகை இனிப்புப் பொருளாம். கொம்பை ஊறவைத்து இறக்கும் சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு ஆதாரம். நம் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி. டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகேடா 1908-இல் இந்தச் சாற்றிலிருந்துதான் குளுடாமிக் அமிலத்தைப் பிரித்து, அதன் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் சூட்டினார்.

"எல்லாக் கொம்பும் ஒரே ருசிதானே?" என்று கேட்டேன்.

"எல்லா மாம்பழமும் ஒரே ருசியா?" என்று அம்மாள் திருப்பிக் கேட்டார்!

குஷிரோ பக்கத்து நீளக் கொம்பு வேகவைத்துத் தின்னத்தான் உகந்தது. அதில் உமாமி குறைவு. இந்தக் கரையின் 'மாகொம்பு' சாற்றுக்குப் பேர்போனது. அதிலும் கரைக்குக் கரை தரம் உண்டு, விலையும் வேறு.

மாதத்துக்கு மாதமும் மாறுகிறது. குளிர்காலக் கடலில் உரச்சத்து அதிகம். பாசி வேகமாக வளர்ந்து புரதத்தைச் சேர்க்கிறது. கோடையில் உரம் குறைந்து வெயில் மிகும்போது, மானிட்டாலும் மாவுச்சத்தும் ஏறுகின்றன. ஒரே இலையில்கூடச் சத்து ஒரே சீராக இல்லை. வளர்ச்சி அடிப்பக்கத்தில் நடப்பதால், நுனிதான் வயதான பாகம்!

ஆகவே அறுக்கும் நாள்தான் பெரிய கவலை. முந்தினால் இலை மெலிசாக இருக்கும். பிந்தினால் சிற்றுயிர்கள் தேமல் போல ஒட்டிக்கொண்டு விலையைக் கெடுத்துவிடும். கடல் வெப்பமாகி வருவதால் பழைய கணக்கும் பிசகுகிறது. இந்தப் பக்கத்தில் தானாக விளையும் கொம்பு அருகிவிட்டது. கயிற்றில் விளைவதை நம்பித்தான் பல குடும்பங்கள்.

"இலையைத் தடவிப் பார்ப்பேன், பிறகு வானத்தைப் பார்ப்பேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வராது" என்றார் அம்மாள்.

புறப்படும்போது ஒரு பெரிய கட்டை எடுத்து நீட்டினார். "அம்மாவுக்குக் கொண்டுபோகிறேன். தைராய்டு தொந்தரவு, மருந்து சாப்பிடுகிறாள். கடற்பாசி நல்லதாமே?" என்றேன்.

நீட்டிய கை பின்வாங்கியது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். காய்ந்த கொம்பு ஒரே கிராமில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருப்பதுண்டு. அந்த அளவும் பருவத்துக்கும் பாகத்துக்கும் தக்கபடி மாறும். கொதிக்கவைத்தாலும் தப்ப முடியாது. அயோடின் சாற்றில் இறங்கிவிடும்.

உள்ளங்கையளவு துண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இது அம்மா பார்ப்பதற்கு மட்டும். டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது."

சென்னையில் அம்மா அதை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கட்டோடு கொடுத்து அனுப்பியிருந்தால் நீ சந்தோஷமாக வாங்கி வந்திருப்பாய். கொடுக்காமல் பிடித்துக்கொண்டாளே, அவள் மகராசியாக இருக்க வேண்டும்" என்றாள்.