மரம் வெட்டப் போன வாத்தியார்

இருபது வருஷ காலமாக நான் உபாத்தியாயர் வேலை பார்த்து வருகிறேன். அந்த இருபது வருஷமும் பிள்ளைகளுக்கு ஓயாமல் உபதேசித்து வந்த விஷயம் ஒன்று உண்டு: மரம் நடுவது புண்ணியம், மரத்தை வெட்டுவது மகா பாவம். அப்படிப்பட்ட நான், சென்ற காலாண்டு விடுமுறையில் நீலகிரி மலைக்குப் போய் ஐந்து நாள் மரம் வெட்டிவிட்டு வந்தேன். கூலிக்காக அல்ல, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் என் கைப் பணத்தைக் கட்டிவிட்டு வெட்டினேன்!

காடுகளைப் பேணும் தொண்டர் குழு ஒன்று, வனத்துறையின் அனுமதியுடன் மலைமேல் விடுமுறை வேலை முகாம் நடத்துகிறது. மேனாட்டில் இது பழைய வழக்கம். இங்கிலாந்தில் 1959-ம் வருஷத்தில் இத்தகைய தொண்டர் படை ஒன்று ஏற்பட்டது. சர்ரே ஜில்லாவிலுள்ள பாக்ஸ் குன்றில் புதர்களை வெட்டி அகற்றுவதுதான் அவர்கள் செய்த முதல் வேலை. இயற்கையைக் காக்கக் கிளம்பியவர்கள் எதற்காக வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார்கள் என்று அதைப் படித்தபோது எனக்கு விளங்கவில்லை.

உதகமண்டலத்துப் பக்கம் போகிறோம் என்றதும் என் மனைவி படகுச் சவாரியையும் மலர்த் தோட்டத்தையும் நினைத்துக் கொண்டாள். தங்கப் போவது தகரக் கொட்டகை என்று தெரிந்ததும், "நீங்களும் உங்கள் பெண்ணுமாகப் போய் வாருங்கள்" என்று பெருந்தன்மையுடன் விடை கொடுத்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணும் நானும் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து புறப்பட்டோம்.

முதல் நாள் காலையில் ஆளுக்கு ஓர் அரிவாளையும் கையுறையையும் கொடுத்து ஒரு மலைச் சரிவில் நிறுத்தினார்கள். சரிவு முழுவதும் பச்சைப் பசேலென்று சீகை மரங்கள். "இவற்றை அகற்ற வேண்டும்" என்றார்கள்.

"அப்பா, மரம் வெட்டுவது பாவம் என்று நீங்கள்தானே சொல்லுவீர்கள்?" என்று கேட்டாள் என் பெண். பத்துப் பேர் நடுவில் அதற்கு நான் பதில் தெரியாமல் விழித்தேன்.

வேலையை முன்னின்று நடத்திய பெரியவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்தான் என்னைக் காப்பாற்றினார். "வாத்தியாரய்யா, இது காடு அல்ல. இந்த மேடு புல்லுக்குச் சொந்தம்; அந்தப் பள்ளம் சோலைக்குச் சொந்தம். சீகை இரண்டுக்கும் வேற்றாள்" என்றார்.

அவர் சொன்னதன் விவரத்தை மாலையில் முகாமில் தெரிந்து கொண்டேன். உறைபனியும் காற்றும் அடிக்கும் திறந்த மேடுகளில் புல்வெளி. மலையின் மடிப்புகளில், ஓடைக் கரையில், சோலைக் காடு. இதுதான் மலை உச்சியின் இயற்கை. வரையாடு மேய்வது அந்தப் புல்லைத்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூத்து மலைக்கு நீல நிறம் தரும் குறிஞ்சியும் அந்த மேடுகளில்தான் வளர்கிறது. வெள்ளைக்காரர்கள் அதை வெறும் தரிசு என்று கருதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் நாமே அவற்றை இன்னும் மும்முரமாக நட்டோம்.

"புல் போனால் என்ன? மரம்தான் இருக்கிறதே?" என்று நானும் கேட்டேன். கிளென்மார்கன் என்ற இடத்தில் மண்வள ஆராய்ச்சியாளர்கள் புல்வெளியில் கற்பூர மரம் நட்டு, ஓடையில் வரும் நீரை வருஷக் கணக்கில் அளந்து பார்த்தார்களாம். நீர்வரத்து சுமார் 16 சதவிகிதம் குறைந்துவிட்டதாம். இந்த மலையில் பிறக்கும் மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. அந்தப் பவானிதான் கொடிவேரி அணையைக் கடந்து எங்கள் ஊர் வயல்களுக்கு வருகிறது. என் வீட்டுச் சோற்றுக்கும் இந்த மேட்டுப் புல்லுக்கும் உள்ள சம்பந்தம் நாற்பத்தைந்து வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது.

மறுநாள் முதல் உற்சாகமாக வேலை செய்தேன். மழையில் நனைந்த மண்ணாகையால் சிறு கன்றுகள் வேரோடு கைக்கு வந்தன. பெரியவற்றை வெட்டினோம். வெறுமையான இடத்தில் புல்லின் தூர்களைப் பிரித்து, சாண் இடைவெளியில் நட்டோம். உள்ளங்கை கொப்பளித்தது, முதுகு நிமிர மறுத்தது. ஆனாலும் பரீட்சைத் தாள் திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

மூன்றாம் நாள்தான் கர்வபங்கம் நேர்ந்தது. யாரையும் கேட்காமல் பள்ளத்து ஓரத்தில் நின்ற ஒரு பெரிய சீகையை வெட்டிச் சாய்த்தேன். பெரியவர் ஓடி வந்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மண்டியிட்டு, விழுந்த கிளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். அடியில் நாவல் முதலிய சோலைக் கன்றுகள் முறிந்து கிடந்தன. சீகையின் நிழலிலேயே சோலை மெல்ல மெல்லத் திரும்பி வந்து கொண்டிருந்திருக்கிறது!

"இது முழங்கால் உயரம் வர எத்தனை வருஷம் ஆகியிருக்கும், ஐயா?" என்று கேட்டேன்.

"ஏழெட்டு வருஷம் இருக்கும். மேட்டில் வெட்டலாம், பள்ளத்தில் பொறுக்க வேண்டும், வாத்தியாரய்யா."

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நேற்றுவரை மரமெல்லாம் நல்லது என்றேன். இன்று சீகையெல்லாம் கெட்டது என்று அரிவாளை வீசினேன். பாடம் மாறியதே தவிர, வாத்தியாரின் அவசர புத்தி மாறவில்லை.

ஐந்து நாளில் நாங்கள் முப்பது பேர் சுத்தம் செய்த இடம், மலையைப் பார்க்கும்போது ஒரு கைக்குட்டை அளவுதான். அதுவும் நிச்சயமில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்குமாம். வருஷந்தோறும் வந்து பிடுங்கினால்தான் நட்ட புல் பிழைக்கும்.

புறப்படும்போது என் பெண் தான் நட்ட புல் வரிசையின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு கல்லை வைத்தாள். "அடுத்த வருஷமும் வருவோமா, அப்பா?" என்று கேட்டாள். வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். "படகுச் சவாரியும் உண்டு என்றால் நானும் வருகிறேன்" என்று என் மனைவியும் சொல்லியிருக்கிறாள்.