மணிக்கட்டிலே ஒரு காவலன்

கண்டியைச் சூழ்ந்துள்ள வீடுகள் பல மலைச்சரிவிற் கட்டப்பட்டவை. வீதியை விட்டு வாசலை அடைய இருபது படியேனும் ஏறவேண்டும். இளமையில் அப்படிகளை எண்ணியவர் எவருமிலர். இன்றோ அத்தகைய வீட்டில் தாயோ தந்தையோ தனித்திருக்க, பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை மக்களுள் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் நூற்றுக்கு எட்டுப் பேர். 2024ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழப் பதின்மூன்றாயிற்று.

அம்பிட்டியாவில் வாழும் எமது பெரியம்மாவுக்கு வயது 78. அவருடைய மகன் கனடாவிலிருந்து ஒரு கைக்கடிகாரம் அனுப்பினார். அது நாடித்துடிப்பை அளக்கும், விழுந்தால் அறிவிக்கும் என்று நாம் விளக்கியதும் பெரியம்மா கேட்ட முதற் கேள்வி இது: "நான் எத்தனை மணிக்கு எழும்பினேன், எங்கே போனேன் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியுமோ?"

கேட்கவேண்டிய கேள்விதான்.

கருவியின் செயல் விளங்காததன்று. அதன் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலினுட் பாய்கிறது. இரத்தம் அவ்வொளியை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு உறிஞ்சும் அளவு மாறுபடுவதைக் கொண்டு நாடி கணிக்கப்படுகிறது. அசைவை உணரும் வேறோர் உறுப்பு, உடல் திடீரென வீழ்வதையும் மோதுவதையும் அறியும். 2018ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட கடிகாரம், அணிந்தவர் விழுந்தபின் ஒரு நிமிடமளவு அசைவற்றுக் கிடந்தால் தானே உதவிக்கு அழைக்கும். இடுப்பெலும்பு முறிந்து, விடியும்வரை குரல் கொடுக்க வழியின்றிக் கிடந்த முதியோரை அறிந்தவர்கள் இதனை விளையாட்டுப் பொருள் என்னார். ஆயினும், நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து விழுவதை அது அறியாமற் போதலும் உண்டு.

இவ்வெண்ணம் புதியதுமன்று. 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அன்ட்ரூ டிப்னர் என்னும் உளவியலாளர், முதியோர் பொத்தானை அழுத்தி உதவி கோரும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 2001இல் ஜப்பானின் சோஜிருஷி நிறுவனம் ஒரு மின்சாரக் கேத்தலைச் செய்தது. முதியவர் அதிலிருந்து வெந்நீர் எடுத்தால், தொலைவிலுள்ள பிள்ளைக்குச் செய்தி போய்ச் சேரும். தேயிலை விளையும் எம் மலைநாட்டில் இது எவருக்கும் தோன்றாமற் போனதே! அறைதோறும் கமரா வைத்துத் தாயைப் பார்த்திருப்பதினும், இன்று அம்மா தேநீர் குடித்தார் என்றறிவது எமக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

கடிகாரம் அழைக்கும், தூக்கி நிறுத்தாது. ரொறன்ரோவில் மணி ஒலித்தால் இங்கே படியேறி வருபவர் யார்? 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை இலவசமானது, போற்றத்தக்கது. ஆனால் வண்டி வீதியிலேதான் நிற்கும். பெரஹரா இரவுகளில் நகர வீதிகள் அடைபட்டிருக்கும். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதையும் நாம் மறக்கவில்லை. மின்னேற்றம் இழந்த கடிகாரம் வெறும் வளையலே.

ஆகவே, மகனும் பெரியம்மாவும் நாமும் கலந்து பேசினோம். விழுந்தால் அறிவிக்கும் வசதி இருக்கட்டும். எங்கே செல்கிறார் என்று காட்டுவது வேண்டாம் என்பது பெரியம்மாவின் முடிவு. மகனுக்கு அதில் மனநிறைவில்லை, எனினும் இணங்கினார். அழைப்பு முதலிற் செல்வது கனடாவுக்கன்று, அடுத்த வீட்டுச் சிங்கள ஆசிரியைக்கு. மாற்றுத் திறப்பும் அவரிடமே உள்ளது.

குளிக்கும்போது மட்டும் பெரியம்மா கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார். வழுக்கும் இடமோ அதுவே. நீர் புகாதென்று மகன் எத்தனை முறை சொல்லியும் அவர் நம்புவதாயில்லை. குளியலறைச் சுவரிலே பிடிகம்பி பொருத்துவதற்கு வியாழக்கிழமை மேசன் வருகிறார்.